நானி வேலை தேடும் ஆப்: இலவசமே போதும், சந்தாவுக்குக் காசு கட்டாதீர்கள்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இந்தப் பத்தியோடு கிளம்பிவிடலாம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடும் வீடுகளையும் வேலை தேடும் நம்மையும் சேர்த்துவைக்கும் இந்த ஆப்பின் இலவசப் பகுதிக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தாராளமாகக் கொடுக்கலாம். மாதச் சந்தா கட்டி வாங்கும் ப்ரீமியத்துக்கு ஒரு நட்சத்திரமே அதிகம். ஆப்பின் பெயரைப் போடவில்லை, போட்டும் பெரிய பயனில்லை, ஏனென்றால் இந்த ரக ஆப்கள் எல்லாமே ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவைதான். ஒரு ப்ரொஃபைல், இரண்டு மூன்று பேட்ஜ், ஒரு மெசேஜ் பெட்டி, ஒரு சந்தா. இதில் நமக்கு வேலை வாங்கித் தருவது அந்த மெசேஜ் பெட்டி மட்டும்தான், அது இலவசம். மற்றதெல்லாம் அலங்காரம், அல்லது வீட்டுக்காரர்கள் நம்மைக் கழித்துக்கட்டப் பயன்படுத்தும் சல்லடை.

பதிவு செய்வதில் சிக்கல் இல்லை. எந்த வயதுக் குழந்தைகளைப் பார்ப்பீர்கள், வண்டி ஓட்டத் தெரியுமா, நாய் பூனை இருக்கும் வீடு பரவாயில்லையா, புகைப்பழக்கம் உண்டா, வீட்டோடு தங்குவீர்களா என்று வரிசையாக டிக் அடித்துக்கொண்டே போனால் கடைசியில் 'உங்களைப் பற்றி' என்று ஒரு பெட்டி வரும். பக்கத்திலேயே, நாங்களே எழுதித் தரட்டுமா என்று ஆசைகாட்டும் பொத்தான் ஒன்று இருக்கும். அதைத் தொடாதீர்கள். தொட்டால் வருவது இதுதான்: "நான் பொறுப்பும் பொறுமையும் அன்பும் உள்ள பராமரிப்பாளர், குழந்தைகள் என்றால் எனக்கு உயிர்." தெரிந்த ஒரு அம்மா தன் கணக்கிலிருந்து இந்தப் பட்டியல் எப்படித் தெரிகிறது என்று காட்டினார், மேலிருந்து கீழே விரலால் தள்ளத் தள்ள அத்தனை பேருக்கும் குழந்தைகள் என்றால் உயிர், அத்தனை பேரும் பொறுமைசாலிகள். யாரைக் கூப்பிடுவது என்று அவருக்கே தெரியவில்லை, கடைசியில் போட்டோவைப் பார்த்துத்தான் நாலு பேரைக் கூப்பிட்டாராம்.

அந்தப் பெட்டியில் எழுத வேண்டியது குணம் இல்லை, கணக்கு. எத்தனை குழந்தைகள், என்ன வயதில் தொடங்கி என்ன வயது வரை, ஒரே நேரத்தில் எத்தனை பேர், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை. "ஒரே வீட்டில் குழந்தைக்கு 4 மாதம் ஆனதிலிருந்து 3 வயது வரை இருந்தேன்" என்று ஒரு வரி போட்டால், நீங்கள் பாதியில் விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை என்பது தானாகவே புரிந்துவிடும், அதற்கென்று 'நம்பகமானவள்' என்று தனியாக எழுத வேண்டியதில்லை. செய்ய மாட்டாத வேலையையும் அங்கேயே எழுதிவிடுங்கள். இரவுத் தங்கல் முடியாது என்றால் முடியாது, வீடு முழுக்கத் துடைத்துப் பெருக்குவது என் வேலை இல்லை என்றால் இல்லை. இதனால் வரும் மெசேஜ் குறையும் என்று பயப்படுவார்கள், குறையத்தான் செய்யும், ஆனால் குறைவது எப்படியும் தகராறில் முடிந்திருக்கக்கூடிய வீடுகள்தான்.

போட்டோ பற்றி ஒரே ஒரு விஷயம். முகம் தெளிவாகத் தெரிகிற, சாதாரண வெளிச்சத்தில் எடுத்த, நீங்கள் மட்டும் இருக்கும் படம். முன்பு பார்த்துக்கொண்ட குழந்தையைத் தூக்கிவைத்திருக்கும் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் போடாதீர்கள். அந்தக் குழந்தையின் படத்தை ஊருக்கெல்லாம் காட்டுகிறவர் நாளைக்கு நம் குழந்தை படத்தையும் காட்டுவார் என்றுதான் புது வீட்டில் நினைப்பார்கள், அப்படி நினைப்பது நியாயமும்கூட. குழந்தைகளின் பெயர், பள்ளிக்கூடம், தெரு எதுவும் ப்ரொஃபைலில் வரக் கூடாது.

இனி மெசேஜ் பெட்டி. ஒரு விளம்பரத்தை எடுத்துக்கொள்வோம், இந்த ஆப்பில் அடிக்கடி வருகிற மாதிரியே எழுதுகிறேன்: "7 மாத இரட்டைப் பெண் குழந்தைகள். ஒருத்தி பாட்டிலை வாயில் வைக்கவே விடமாட்டாள். அடுத்த மாதம் நான் வேலைக்குத் திரும்புகிறேன். திங்கள் முதல் வெள்ளி, காலை 8 முதல் மாலை 5. அனுபவம் அவசியம்." இதற்கு வரும் பதில்களில் பெரும்பாலானவை "வணக்கம், உங்கள் வேலையில் ஆர்வம் இருக்கிறது, என் ப்ரொஃபைலைப் பாருங்கள்" என்பதோடு நின்றுவிடும். ஏனென்றால் ஆப்பே அந்த வாக்கியத்தைத் தயாராக வைத்திருக்கிறது, ஒரு தட்டுத் தட்டினால் போய்விடும், நாமும் காலையிலிருந்து பத்துப் பதினைந்து இடத்துக்கு 'விண்ணப்பித்துவிட்ட' திருப்தியில் இருப்போம்.

அந்த அம்மாவின் விளம்பரத்தை இன்னொரு தடவை படியுங்கள். அதில் இருப்பது பயம். பால் குடிக்காத குழந்தையை விட்டுவிட்டு எப்படி வேலைக்குப் போவது என்பதுதான் அவர் ராத்திரி தூங்காமல் யோசித்துக்கொண்டிருப்பது. அதற்குப் பதில் இப்படிப் போகலாம்:

"வணக்கம். உங்கள் இரட்டையர்களுக்கான விளம்பரம் பார்த்தேன், திங்கள் முதல் வெள்ளி 8 முதல் 5 வரை எனக்குச் சரியாக வரும். முன்பு நான் பார்த்த குழந்தையும் பாட்டிலை மறுத்தவள்தான். பசி முற்றுவதற்கு முன்பே கொடுத்துப் பார்ப்பது, அம்மா வேறு அறையில் இருக்கும்போது கொடுப்பது, மெதுவாக நடந்துகொண்டே கொடுப்பது, நிப்பிளை மாற்றிப் பார்ப்பது என்று ஒவ்வொன்றாக முயற்சி செய்து பழக்கினோம். நீங்கள் வேலைக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பே நான் வரத் தொடங்கினால் இரண்டு பேருக்கும் என்னைப் பழகிவிடும். இருவரும் ஒரே நேரத்தில் தூங்குகிறார்களா, வேறு வேறு நேரத்திலா? கைக்குழந்தைகளுக்கான முதலுதவிப் பயிற்சிச் சான்றிதழ் இருக்கிறது. முன்பு வேலை பார்த்த வீட்டில் பேச வேண்டும் என்றால் எண் தருகிறேன்."

இதில் கவனிக்க வேண்டியது, முதல் வரியிலேயே எந்த விளம்பரம், நேரம் ஒத்துவருமா என்ற இரண்டும் முடிந்துவிட்டது. போனில் நோட்டிஃபிகேஷனில் தெரிவது அந்த ஒன்றிரண்டு வரிதான், குழந்தையை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கைக் கட்டைவிரலால் பார்க்கிறவருக்கு அதற்கு மேல் போவதற்கு ஒரு காரணம் வேண்டும். அப்புறம் நடுவில் ஒரு கேள்வி. ஒரு வரியில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி. பதில் வந்துவிட்டால் பேச்சு தொடங்கிவிட்டது என்று அர்த்தம், மற்ற நாற்பது பேரும் இன்னும் பட்டியலிலேயே இருப்பார்கள்.

பாட்டில் மறுக்கும் குழந்தையைப் பார்த்ததே இல்லை என்றால் பார்த்ததாக எழுதாதீர்கள், அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். "இதுவரை இரட்டையர்களைப் பார்த்ததில்லை, ஆனால் ஒன்றரை வயது இடைவெளியில் இரண்டு குழந்தைகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறேன், ஒருவரைத் தூங்கவைக்கும்போது இன்னொருவரை எப்படிச் சமாளிப்பது என்பது பழகியது" என்று உண்மையின் பக்கத்திலேயே நின்று எழுத வழி இருக்கிறது. வேலை அனுபவமே இல்லாதவர்களும் தம்பி தங்கையை, அக்கா பிள்ளைகளை வளர்த்ததை எழுதலாம், ஆனால் அதிலும் வயதும் நேரமும் இருக்க வேண்டும், 'பாசமாகப் பார்த்துக்கொண்டேன்' என்பது போதாது.

விளம்பரத்தை இன்னொரு தடவை படியுங்கள் என்றேன், அதில் நமக்கான எச்சரிக்கையும் இருக்கும். "வீட்டில் ஒருவராக இருக்க வேண்டும்" என்று எழுதியிருந்தால் வேலை நேரம் எப்போது முடியும் என்று கேளுங்கள், நல்ல வீடாக இருந்தால் சிரித்துக்கொண்டே நேரத்தைச் சொல்வார்கள். "சின்னச் சின்ன வீட்டு வேலை" என்றால் என்னென்ன என்று பட்டியல் கேளுங்கள். குழந்தையின் துணி, பாட்டில், விளையாட்டுச் சாமான் என்றால் சரி, ஐந்து பேருக்குத் துணி துவைப்பது அந்தச் 'சின்ன' வேலைக்குள் ஒளிந்திருந்தால் அது வேறு வேலை, அதற்கு வேறு சம்பளம். "நேரம் முன்னே பின்னே ஆகும்" என்பது அநேகமாகப் பின்னேதான் ஆகும்.

சரி, பேட்ஜ்களுக்கு வருவோம். மூன்று இருக்கின்றன: ரெஃபரன்ஸ், பின்னணிச் சரிபார்ப்பு, முதலுதவி. இதில் ரெஃபரன்ஸ் பேட்ஜ் வடிவமைப்பு மகா மோசம். முன்பு வேலை பார்த்த வீட்டுக்கு ஆப் ஒரு லிங்க் அனுப்புகிறது, அவர்கள் அதைத் திறந்து, தாங்களும் கணக்குத் தொடங்கி, நீளமாக ஒரு படிவம் நிரப்ப வேண்டும். யார் செய்வார்கள்? நம் மேல் எவ்வளவு மரியாதை இருந்தாலும் பாதியில் மூடிவிடுவார்கள், நம் ப்ரொஃபைலில் 'பதில் வரவில்லை' என்று ஒரு சாம்பல் நிறக் குறி உட்கார்ந்துகொள்ளும், பார்க்கிறவர்களுக்கு நம்மைப் பற்றி யாரும் நல்லது சொல்லத் தயாராக இல்லை என்பது போலத் தோன்றும். அதனால் லிங்க் அனுப்புவதை விட்டுவிட்டு, நேரடியாக அவர்களுக்குப் போன் செய்து, புது வீட்டிலிருந்து யாராவது கூப்பிட்டால் பேசுவீர்களா, எந்த நேரம் வசதி என்று கேட்டுவைப்பதுதான் நல்லது. அவர்களுக்கு நினைவூட்ட எந்த வருடம், எத்தனை மாதம், ஏன் முடிந்தது என்பதை ஒரு மெசேஜில் அனுப்பிவையுங்கள். நீங்கள் ஒரு தேதி சொல்லி அவர்கள் வேறு தேதி சொன்னால் அங்கேயே சந்தேகம் முளைக்கும், அது வெறும் ஞாபக மறதியாகவே இருந்தாலும்.

பின்னணிச் சரிபார்ப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அது பார்த்த தேதி வரையில் குற்றப் பதிவு எதுவும் இல்லை என்பதை மட்டும்தான் சொல்கிறது, புத்திசாலியான வீட்டுக்காரர் இன்னொரு தடவை தானே செய்துகொள்வார். முதலுதவிச் சான்றிதழ் அப்படி இல்லை, அதற்கு உண்மையிலேயே மதிப்பு இருக்கிறது. ஆனால் அது ஒரே தடவை வாங்கி வைத்துவிடுகிற காகிதம் இல்லை, பெரும்பாலும் 2 அல்லது 3 வருடத்தில் காலாவதியாகிவிடும். ஆப் அந்தத் தேதியை நமக்கு நினைவூட்டுவதில்லை, வீட்டுக்காரர் கண்ணில்தான் முதலில் படும்.

சான்றிதழ் இருந்தால் மட்டும் போதாது, இன்டர்வியூவில் அதைத்தான் கேட்பார்கள். ஆப்புக்குள்ளேயே வீடியோ கால் வசதி இருக்கிறது, படம் அடிக்கடி உறைந்து நின்றுவிடுகிறது, சாதாரணப் போன் காலே பரவாயில்லை. கேள்வி மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றுதான்: குழந்தையின் தொண்டையில் ஏதாவது சிக்கிக்கொண்டால் என்ன செய்வீர்கள்? "பதறாமல் டாக்டரிடம் கொண்டுபோவேன்" என்று சொல்கிறவர் அந்த இடத்திலேயே வெளியே. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை என்றால், இருமவும் அழவும் முடியாத நிலையில், தலை கீழ்ப்பக்கம் இருக்கும்படி முன்கையில் குப்புறப் போட்டு, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் 5 முறை தட்ட வேண்டும், வராவிட்டால் திருப்பிப் போட்டு மார்பின் நடுவில் 5 முறை அழுத்த வேண்டும், வெளியே வரும் வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும், அதற்குள் அவசர உதவியைக் கூப்பிடச் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்குச் செய்வது போல வயிற்றில் அழுத்தக் கூடாது. இதைக் கையால் செய்துகாட்டியபடியே சொல்ல முடிகிறவருக்கு மேற்கொண்டு கேள்வி குறைந்துவிடும்.

தூக்கமும் அப்படித்தான். ஒரு வயது வரை மல்லாக்கப் படுக்கவைப்பது, கெட்டியான சமதளமான படுக்கை, பக்கத்தில் தலையணை பொம்மை எதுவும் இல்லாமல். ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கக் கூடாது, அதில் இருக்கக்கூடிய பாக்டீரியா வித்துகளால் பொட்டுலிசம் என்ற ஆபத்தான நோய் வரலாம். டிவி, போன் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்றும், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்றும் இருக்கிறது. இதையெல்லாம் ஒப்பிக்க வேண்டாம், பேச்சோடு பேச்சாக வந்தால் போதும். "குழந்தை நிறுத்தாமல் அழுதால்?" என்ற கேள்விக்குப் பசி, டயபர், காய்ச்சல், தூக்கம் என்று பார்த்த பிறகும் நிற்கவில்லை, எனக்கே பொறுமை போகிறது என்றால் தொட்டிலில் பத்திரமாகப் படுக்கவைத்துவிட்டு இரண்டு நிமிடம் தள்ளி நின்று மூச்சுவிட்டுக்கொள்வேன், எந்த நிலையிலும் குழந்தையைப் பிடித்து உலுக்க மாட்டேன், அப்புறம் உங்களுக்கும் போன் செய்து சொல்வேன் என்று பதில் சொல்லுங்கள். எனக்குக் கோபமே வராது என்கிறவரைவிட இப்படிச் சொல்கிறவரைத்தான் நம்பத் தோன்றும்.

நம் பக்கத்துக் கேள்விகளையும் விட்டுவிடக் கூடாது. முந்தைய ஆள் ஏன் போனார், வீட்டில் பகலில் வேறு யார் இருப்பார்கள், கேமரா எங்கெங்கே இருக்கிறது, குழந்தையை அடிக்காமல் கண்டிப்பது பற்றி அம்மாவும் அப்பாவும் ஒரே கருத்தில் இருக்கிறார்களா. பிடித்துப்போனால் ஒத்திகையாக ஒரு நாள் வரச் சொல்வார்கள், அது நல்ல வழக்கம், பெற்றோரில் ஒருவர் வீட்டில் இருக்கும்போது நடந்தால் இன்னும் நல்லது, ஆனால் அந்த நாளுக்கும் சம்பளம் உண்டு என்பதை முன்பே பேசிவிடுங்கள். சும்மா வந்து பாருங்கள் என்று ஆறேழு மணி நேரம் வேலை வாங்குகிற வீடுகள் இருக்கின்றன.

சம்பளத்துக்கு ஆப் ஒரு ஸ்லைடர் கொடுத்திருக்கிறது, 'பேசிக்கொள்ளலாம்' என்றும் ஒரு தேர்வு. அந்தத் தேர்வு நமக்கு எதிரானது, பேசிக்கொள்ளலாம் என்றால் குறைத்துக்கொள்ளலாம் என்றுதான் எதிர்ப்பக்கம் எடுத்துக்கொள்ளும். குறைந்தபட்சத் தொகையைப் போடுங்கள், இரண்டாவது குழந்தைக்கு, கூடுதல் மணிக்கு எவ்வளவு என்பதையும் யோசித்து வைத்திருங்கள். அவர்கள் வெளியூர் போகும் வாரத்தில் சம்பளம் உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள், தகராறு பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. வீட்டு வேலை செய்பவர்களுக்காகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-ல் கொண்டுவந்த 189-ஆம் உடன்படிக்கை, என்ன வேலை, எவ்வளவு சம்பளம், எத்தனை மணி நேரம், என்ன விடுப்பு, எப்படி விலகுவது என்பதெல்லாம் முடிந்தவரை எழுத்து ஒப்பந்தமாகவே இருக்க வேண்டும் என்கிறது. வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும், பாஸ்போர்ட்டும் அடையாள ஆவணங்களும் நம் கையிலேயே இருக்க நமக்கு உரிமை உண்டு என்றும் அதில் இருக்கிறது. எல்லா நாடுகளும் இதை ஏற்கவில்லை, ஆனால் ஒப்பந்தம் எழுதும்போது எதையெல்லாம் சேர்க்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல பட்டியல் கிடைப்பது கஷ்டம். ஆப்பில் ஒப்பந்த மாதிரி ஒன்று இருக்கிறது, ப்ரீமியம்காரர்களுக்கு மட்டுமாம். வேண்டாம், மேலே சொன்னதை வரிசையாக ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது.

ப்ரீமியத்தில் வேறு என்ன கிடைக்கிறது? யார் யார் உங்கள் ப்ரொஃபைலைப் பார்த்தார்கள் என்ற பட்டியல், தேடலில் மேலே வருவது, பெயருக்குப் பக்கத்தில் ஒரு தங்க நிறக் குறி. முதலாவது நம் மன நிம்மதியைக் கெடுப்பதற்கு மட்டுமே. இரண்டாவது, கட்டியவர்கள் எல்லோரும் மேலே வந்தால் மேலே என்பதே இல்லை. மூன்றாவதை எந்தப் பெற்றோரும் கவனிப்பதாகத் தெரியவில்லை. எனக்கு இதில் கோபம் வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, வேலை தேடுகிறவரிடம் தனியார் வேலைவாய்ப்பு நிறுவனங்கள் கட்டணம் வாங்கக் கூடாது என்பதுதான் அதே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997-ல் வந்த 181-ஆம் உடன்படிக்கையின் பொது விதி (விதிவிலக்குகள் உண்டு, ஏற்ற நாடுகளுக்கு மட்டும்தான்), ஆனால் இந்த ஆப் தன்னை வேலைவாய்ப்பு நிறுவனம் என்றே சொல்லிக்கொள்வதில்லை, 'தளம்' என்கிறது. தளம் ஆகிவிட்டால் வசூலிக்கலாம் போல.

மோசடி மெசேஜ் நிறைய வரும், இதற்காகவே ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தேன். வழக்கமான தந்திரம்: வெளிநாட்டிலிருந்து வருகிறோம், நேரில் பார்க்க நேரமில்லை, நீங்கள்தான் பொருத்தமானவர் என்று பேசாமலேயே வேலை கொடுப்பார்கள், முன்பணமாகச் சம்பளத்தைவிட அதிகத் தொகைக்குச் செக் அனுப்புவார்கள், மீதியைக் குழந்தைச் சாமான் வாங்க இன்னாருக்கு அனுப்பிவிடுங்கள் என்பார்கள். செக் போலி என்று தெரியவருவதற்குள் நாம் அனுப்பிய பணம் போய்ச் சேர்ந்திருக்கும், வங்கி நம்மிடம்தான் கேட்கும். புகார் பொத்தானை அழுத்தியபோது தானியங்கி நன்றி ஒன்று வந்தது, அதே ஆளின் விளம்பரம் அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. பேசாமல் வேலை கொடுக்கிறவர், ஆப்பை விட்டு வெளியே வரச் சொல்லி அவசரப்படுத்துகிறவர், ஆவணங்களின் நகலை முதலிலேயே கேட்கிறவர், மூவருக்கும் பதிலே போடாதீர்கள்.

சந்தா ஏற்கெனவே கட்டிவிட்டவர்களுக்கு: ரத்து செய்யும் இடம் ப்ரொஃபைலில் இல்லை, அமைப்புகளுக்குள் கணக்கு, அதற்குள் பில்லிங், அதற்கும் கீழே சின்ன எழுத்தில் இருக்கிறது. ஆப்பை அழித்துவிட்டால் சந்தா நிற்காது, மாதாமாதம் பணம் போய்க்கொண்டே இருக்கும். வேலை கிடைத்த அன்றைக்கே இன்னொன்றையும் அங்கே போய் மாற்றிவிடுங்கள், 'வேலை தேடுகிறேன்' என்ற குறி தானாக அணையாது, புதிதாகச் சேர்ந்த வீட்டு அம்மா எதற்கோ ஆப்பைத் திறந்து உங்கள் பெயருக்குப் பக்கத்தில் அது பச்சையாக எரிவதைப் பார்த்தால் என்ன நினைப்பார்.